நிபந்தனையோடு வரும் சொற்கள்

பாஸ்கரர் 1150-இல் முடித்த 'பீஜகணிதம்' நூலில் ஒரு குரங்குக் கணக்கு இருக்கிறது. ஒரு குரங்குக் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்தினால் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. மிச்சம் ஒரே ஒரு குரங்கு மரக்கிளையில் தெரிகிறது. கூட்டத்தில் மொத்தம் எத்தனை? இருபடிச் சமன்பாடாக எழுதித் தீர்த்தால் 50, 5 என்று இரண்டு எண்கள் வரும். இரண்டையுமே சமன்பாட்டில் வைத்துப் பாருங்கள், பிசிறில்லாமல் பொருந்தும். ஆனாலும் பாஸ்கரர் 50-ஐ ஏற்றுக்கொண்டு 5-ஐத் தள்ளிவிடுகிறார். ஐந்தில் ஐந்தில் ஒரு பங்கு 1. அதிலிருந்து மூன்று போனால் −2. குறை எண்ணிக்கையில் குரங்குகள் குகைக்குப் போவதை மக்கள் ஒப்ப மாட்டார்கள் என்பது அவர் தரும் காரணம்.

'மூலம்', 'தீர்வு', 'விடை' என்று வகுப்பறையில் நாம் மாற்றி மாற்றிப் புழங்கும் மூன்று சொற்களும் ஒன்றல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. 5 அந்தச் சமன்பாட்டின் மூலம்தான், ஆனால் கேள்விக்கு விடையல்ல. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், கூட்டிப் பெருக்கத் தெரியாமல் விழுவது குறைவு என்றே சொல்வேன். ஒரு சொல்லை அதோடு ஒட்டிய நிபந்தனையிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போனதால் விழுவதே அதிகம். அந்த நிபந்தனைகள் யாரோ வேண்டுமென்றே போட்ட கட்டுப்பாடுகள் அல்ல. பெரிய பெரிய ஆட்களே இடறிய இடங்களில் பின்னால் நட்ட எச்சரிக்கைகள் அவை.

தொடங்குமுன் குறியீடு பற்றி ஒரு சொல். பாடப்புத்தகத்தில் எக்ஸ் வரும் இடத்தில் இங்கே 'ய' என்று எழுதுகிறேன். தெரியாத எண்ணுக்கு 'யாவத்தாவத்' என்று பெயர் வைத்து அதை 'யா' என்று சுருக்கி எழுதியவர் பாஸ்கரர், அந்தத் துணிச்சலில்தான்.

முதலில் கோவை, சமன்பாடு, முற்றொருமை. ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடும் சொற்கள்தாம், ஆனால் மேல்நிலையில்தான் பல்லைக் காட்டும். 'ய² − ய − 2' என்பது கோவை. அதைச் சுருக்கலாம், காரணிப்படுத்தலாம்; தீர்க்க முடியாது, ஏனென்றால் அது எதையும் கேட்கவில்லை. 'ய² − ய − 2 = 0' என்றால் சமன்பாடு: எந்த எண்களுக்கு இது உண்மை என்ற கேள்வி. '(ய + 1)² = ய² + 2ய + 1' முற்றொருமை: எல்லா எண்களுக்கும் உண்மை என்ற உறுதிமொழி. சமக்குறி ஒன்றுதான். ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் இரண்டு இணைகோடுகளாக அதை அச்சில் கொண்டுவந்தார். ஆனால் அது ஓரிடத்தில் கேட்கிறது, இன்னோரிடத்தில் சொல்கிறது.

இந்த வேறுபாடு எங்கே உதைக்கும் என்பதற்குப் பகுதிப் பின்னங்களைப் பார்க்கலாம். 1 / ((ய − 1)(ய + 2)) என்பதை அ / (ய − 1) + ஆ / (ய + 2) என்று பிரிக்க வேண்டும். குறுக்கே பெருக்கினால் 1 = அ(ய + 2) + ஆ(ய − 1). உடனே ஆசிரியர் 'ய = 1 என்று போடு' என்பார்; அ = 1/3. 'ய = −2 என்று போடு' என்பார்; ஆ = −1/3. கணக்கு முடிந்தது. பின்வரிசையில் யாராவது ஒரு பிள்ளை, "சார், மேலே பின்னத்தில் ய = 1 என்று போட்டால் கீழே பூச்சியம் வருமே, அது கூடாதே, இங்கே மட்டும் எப்படிப் போடலாம்?" என்று கேட்டால் அது நல்ல கேள்வி. பல வகுப்புகளில் அதற்கு 'அப்படித்தான் போடணும்' என்பதே பதில். உண்மையான பதில் 'முற்றொருமை' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. பின்னங்களாக இருந்த வரி 1, −2 தவிர எல்லா எண்களுக்கும் பொருந்துகிறது. அப்படியானால் பெருக்கி எழுதிய வரியும் அத்தனை எண்களுக்கும் பொருந்தும். அந்த வரியின் இருபுறமும் இருப்பவை பல்லுறுப்புக் கோவைகள், அவற்றின் படி ஒன்றைத் தாண்டாது. அத்தகைய இரு கோவைகள் இரண்டே இரண்டு எண்களுக்கு ஒத்துப்போனாலும் போதும், அவை முழுக்க ஒன்றுதான். ஆகவே அந்த வரி 1-க்கும் −2-க்கும்கூட உண்மை. முற்றொருமை என்று தெரிந்த பிறகுதான் அந்த எண்களைப் போடும் உரிமை வருகிறது.

மூலத்துக்குத் திரும்புவோம். தமிழில் இந்தச் சொல் இரட்டை வேலை பார்க்கிறது: சமன்பாட்டின் மூலம், எண்ணின் வர்க்கமூலம். ய² = 9 என்ற சமன்பாட்டுக்கு 3, −3 என இரு மூலங்கள். ஆனால் √9 என்ற குறியீடு 3-ஐ மட்டுமே குறிக்கும். ஒரு குறி ஓர் எண்ணைத்தான் சுட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. √9 = ±3 என்று எழுதுகிறவர்கள் கேள்வியின் விடைகளைக் குறியீட்டின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். அதனால்தான் √(ய²) என்பது ய அல்ல, ய-இன் மட்டு மதிப்பு.

இருபுறமும் வர்க்கப்படுத்தும்போது நடப்பது இதன் தொடர்ச்சி. √(ய + 2) = ய என்பதை வர்க்கப்படுத்தினால் ய² − ய − 2 = 0; மூலங்கள் 2, −1. இரண்டையும் தொடக்கச் சமன்பாட்டில் போட்டால் 2 நிற்கிறது. −1 விழுந்துவிடுகிறது: இடப்பக்கம் √1 = 1, வலப்பக்கம் −1. பாஸ்கரரின் 5 சமன்பாட்டுக்குச் சொந்தமாக இருந்து கதைக்கு அந்நியமாயிற்று. இந்த −1 சமன்பாட்டுக்கே அந்நியம். வர்க்கப்படுத்தியதால் உள்ளே நுழைந்தது. 'சரிபார்' என்று புத்தகம் சொல்வது சும்மா சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இங்கே ஒரு மதிப்பெண்ணை விட்டுவிட்டுப் போவார்கள்.

இருபடிச் சமன்பாட்டுக்கு 'தன்மைகாட்டி' என்ற அழகான சொல் வாய்த்திருக்கிறது. அய² + ஆய + இ = 0 என்று எழுதினால், ஆ² − 4அஇ என்ற ஒற்றை எண் மூலங்களின் தன்மையைச் சொல்லிவிடும்: மிகை எனில் இரு வெவ்வேறு மெய்ம்மூலங்கள், பூச்சியம் எனில் சமமான மெய்ம்மூலங்கள், குறை எனில் மெய்யல்லாதவை. இதை ஒப்பிக்காத பிள்ளை கிடையாது. ஆனால் பத்தாம் வகுப்பில் சொல்லாமலே இருந்த ஒரு நிபந்தனை பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் வந்ததும் வெளியே தெரியும்: கெழுக்கள் மெய்யெண்களாக இருக்க வேண்டும். ய² − (√−1)ய − 1 = 0 என்ற சமன்பாட்டை எடுங்கள். தன்மைகாட்டி −1 + 4 = 3, மிகை எண். ஆனால் மூலங்கள் (√−1 ± √3) / 2; இரண்டில் ஒன்றுகூட மெய்யெண் இல்லை. கலப்பெண் மூலங்கள் இணை இணையாக வரும் என்ற தேற்றத்துக்கும் இதே நிபந்தனைதான்: மேலே உள்ள இரண்டும் ஒன்றுக்கொன்று இணை எண்கள் அல்ல. 'மெய்க்கெழுக்களைக் கொண்ட' என்ற அடைமொழியை வாய் வேகத்தில் விழுங்கிவிடுகிறவர்களைப் பிடிக்கவே நுழைவுத் தேர்வுக் கேள்விகள் எழுதப்படுகின்றன.

கலப்பெண்ணின் கதையைக் கொஞ்சம் நின்றே சொல்ல வேண்டும். பாடப்புத்தகங்கள் இதைத் தவறான இடத்தில் தொடங்குகின்றன: ய² + 1 = 0 என்பதற்கு மெய்யெண்களில் தீர்வில்லை, ஆகவே ஒரு புதிய எண்ணைக் கற்பனை செய்கிறோம். கேட்கும் பிள்ளைக்கு இது வீம்பாகத் தோன்றினால் தப்பில்லை. தீர்வில்லை என்றால் இல்லை என்று விட்டுவிடலாமே! உண்மையில் பல நூற்றாண்டுகள் அப்படித்தான் விட்டார்கள். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை, ஏனென்றால் அது எதன் வர்க்கமும் அல்ல என்று பாஸ்கரரும் சொல்லிவிட்டார். 1545-இல் கார்டானோ தம் 'ஆர்ஸ் மாக்னா' நூலில், பத்தை இரண்டாகப் பிரித்துப் பெருக்கினால் நாற்பது வர வேண்டும் என்ற கணக்குக்கு 5 + √−15, 5 − √−15 என்று எழுதிப் பார்த்தார். கூட்டினால் பத்து, பெருக்கினால் 25 + 15 = 40. பொருந்துகிறது, ஆனால் நுட்பமானது, பயனற்றது என்று ஒதுக்கிவைத்தார்.

ஒதுக்க முடியாமல் செய்தது இருபடி அல்ல, முப்படி. ய³ = 15ய + 4 என்ற சமன்பாட்டுக்கு ய = 4 ஒரு மூலம் என்பதைப் போட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம்: 64 = 60 + 4. கற்பனையே தேவையில்லாத, அசல் மெய்யெண். ஆனால் கார்டானோவின் முப்படிச் சூத்திரத்தில் இதைப் போட்டால், 2 + √−121 என்பதன் கனமூலத்தையும் 2 − √−121 என்பதன் கனமூலத்தையும் கூட்டச் சொல்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் 4-ஐ அடைய, இல்லாத ஊர் வழியாகப் போகச் சொல்கிறது சூத்திரம். போய்த்தான் பார்ப்போமே என்று துணிந்தவர் ரஃபேல் பொம்பெல்லி. √−1-ஐ வழக்கமான விதிகளின்படியே பெருக்கலாம் என்று வைத்துக்கொண்டு 2 + √−1 என்பதைக் கனப்படுத்தினார்: 8 + 12√−1 − 6 − √−1, அதாவது 2 + 11√−1. √−121 என்பதும் 11√−1 தான். ஆக அந்தக் கனமூலங்கள் 2 + √−1, 2 − √−1. கூட்டினால் கற்பனைப் பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய் 4 நிற்கிறது. 1572-இல் அவருடைய நூல் வெளிவந்தது. மெய்யான விடைக்கே கற்பனை எண் வழியாகப் போக வேண்டியிருக்கிறது என்பதுதான் கலப்பெண்ணுக்குக் கிடைத்த முதல் நியாயம். டேகார்ட் 1637-இல் 'கற்பனை' என்ற பெயரை இட்டபோது அதில் மதிப்பைவிட ஏளனமே மிகுதி. வெஸல், ஆர்கண்ட், காஸ் ஆகியோர் அவற்றைத் தளத்தின் புள்ளிகளாக வரைந்து காட்டிய பிறகுதான் சந்தேகம் முழுக்கத் தீர்ந்தது. 'கலப்பெண்' என்ற பொருளுள்ள பெயரை 1831-இல் நிலைநாட்டியவர் காஸ். ஒரு பிள்ளை முதலில் பொம்பெல்லியின் கணக்கைப் போட்டுவிட்டுப் பாடத்துக்குள் நுழைந்தால் இந்தச் சொல்லைக் கண்டு மிரளாது.

இங்கேயும் நிபந்தனை உண்டு. √அ × √ஆ = √(அஆ) என்ற விதி குறை எண்கள் இரண்டுக்குச் செல்லாது. √−4 × √−9 = √36 = 6 என்று எழுதினால் தவறு; 2√−1 × 3√−1 = −6 என்பதே சரி. அடுக்கு விதிகளைப் படிக்கும்போது 'அ, ஆ மிகை எண்கள்' என்று ஓரத்தில் எழுதியிருந்ததன் பலன் மூன்று வருடம் கழித்து இங்கே தெரியும்.

அடுத்து சார்பு. மேல்நிலை இயற்கணிதத்தில் ஒரே ஒரு சொல்லைத்தான் ஒழுங்காகப் புரிந்துகொள்ள நேரமிருக்கிறது என்றால், நான் இதைத்தான் சொல்வேன். 1748-இல் ஆய்லர் சார்பு என்றால் மாறிகளும் மாறிலிகளும் சேர்ந்த ஒரு கோவை என்றார். நம் பிள்ளைகளில் பலர் இன்னும் அந்த ஆண்டிலேயே நிற்கிறார்கள்: சார்பு என்றால் சூத்திரம். ஆனால் அதிரும் கம்பியின் வடிவம் போன்ற சிக்கல்கள் ஒற்றைச் சூத்திரத்துக்குள் அடங்க மறுத்தன. ஆய்லரே 1755-இல் தம் வரையறையை விரித்தார். டிரிக்லே 1829-இல், விகிதமுறு எண்களுக்கு ஒரு மதிப்பும் விகிதமுறா எண்களுக்கு வேறொரு மதிப்பும் தரும் சார்பை முன்வைத்தார். வரைபடம் போட்டுப் பார்க்கவே முடியாத ஒன்று. 1837-இல் அவர் கொடுத்த விளக்கம்தான் இன்றைய வரையறைக்கு அடித்தளம்: ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரே ஒரு வெளியீடு. எந்தச் சூத்திரத்தால், சூத்திரம் உண்டா என்பதெல்லாம் அடுத்த கேள்வி.

மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம் என்ற மூன்றும் இங்கேதான் வருகின்றன, குழப்பமும் இங்கேதான். விடுதியில் அறை ஒதுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த மாணவர்களின் பட்டியல் மதிப்பகம். ஒருவரும் விடுபடக்கூடாது, ஒருவருக்கு இரண்டு அறையும் கூடாது. விடுதியில் இருக்கும் அத்தனை அறைகளும் துணை மதிப்பகம். யாராவது தங்கியிருக்கும் அறைகள் மட்டும் வீச்சகம். காலி அறை ஒன்றுகூட இல்லையென்றால் மேல்சார்பு. அறைக்கு ஒருவர்தான் என்றால் ஒன்றுக்கொன்றான சார்பு. இரண்டும் சேர்ந்தால் இருபுறச் சார்பு. அப்போதுதான் அறை எண்ணைச் சொல்லி ஆளைக் கண்டுபிடிக்கலாம், அதாவது நேர்மாறு சார்பு இருக்கும்.

ஒப்புமை இவ்வளவு தூரம்தான் வரும். கணக்கில் சிக்கல் என்னவென்றால், ஒரே சூத்திரம் வெவ்வேறு சார்புகளாக இருக்க முடியும். ஓர் எண்ணை அதன் வர்க்கத்துக்கு அனுப்பும் விதியை எடுங்கள். எல்லா மெய்யெண்களிலிருந்து எல்லா மெய்யெண்களுக்கு என்று சொன்னால் அது ஒன்றுக்கொன்றுமல்ல (3-ம் −3-ம் 9-க்குப் போகின்றன), மேல்சார்புமல்ல (−4-க்கு யாரும் வருவதில்லை). மதிப்பகத்தையும் துணை மதிப்பகத்தையும் பூச்சியமும் மிகை எண்களும் என்று சுருக்கிவிட்டால் அதே விதி இருபுறச் சார்பாகிவிடுகிறது. அதன் நேர்மாறுதான் √. முன்னால் √9 ஏன் 3 மட்டும் என்று கேட்டதற்கு முழு விளக்கம் இதுவே. சைனுக்கு நேர்மாறு எழுதும்போது −90 பாகையிலிருந்து 90 பாகை வரை என்று ஏன் வெட்டுகிறோம் என்பதற்கும் இதுவே.

மடக்கையும் ஒரு நேர்மாறு சார்புதான், ஆனால் அது அப்படிப் பிறக்கவில்லை. நேப்பியர் 1614-இல் அட்டவணையை வெளியிட்டபோது அடுக்குக்குறி என்ற கருத்தே அவர் கையில் இல்லை. இரண்டு புள்ளிகள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதை வைத்துக் கட்டினார். பிரிக்ஸ் 1624-இல் முப்பதாயிரம் எண்களுக்குப் பதினான்கு தசம இடம்வரை பத்தின் அடிமான மடக்கையைக் கணக்கிட்டு அச்சிட்டார். மடக்கை என்பது அடுக்கின் மறுபக்கம் என்று ஆய்லர் தெளிவாக்கியது ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. அடுக்கின் மறுபக்கம் என்று தெரிந்தவுடன் மதிப்பகமும் தெரிந்துவிடுகிறது: பத்தை எந்த மெய்யெண் அடுக்குக்கு உயர்த்தினாலும் மிகை எண்ணே வரும், ஆகவே மடக்கை மிகை எண்களுக்கு மட்டும்.

இதை மறந்தால் இரண்டு பக்கமும் அடி. இரண்டின் அடிமானத்தில் ய-இன் மடக்கையையும் (ய − 2)-இன் மடக்கையையும் கூட்டினால் 3 என்ற கணக்கில், பெருக்கி எழுதினால் ய² − 2ய − 8 = 0 வந்து 4, −2 கிடைக்கும்; −2-ஐ நீக்க வேண்டும். இது இல்லாத மூலம் வந்து சேருவது. எதிர்த்திசையும் உண்டு: பத்தின் அடிமானத்தில் ய²-இன் மடக்கை 2 என்றால் ய = 10, −10 இரண்டுமே சரி. ஆனால் அவசரமாக இருமடங்கு ய-இன் மடக்கை என்று மாற்றி எழுதினால் 10 மட்டும் மிஞ்சும், −10 காணாமல் போகும். முன்னதைச் சரிபார்த்துப் பிடித்துவிடலாம். தொலைந்த மூலத்தை எந்தச் சரிபார்ப்பாலும் பிடிக்க முடியாது. அதனால் இரண்டாவது தவறே ஆபத்தானது. வகுப்பில் முதலாவதற்குத்தான் எச்சரிக்கை தருகிறார்கள்.

அணிகளுக்கு வருவோம். பாடத்தில் அணி முதலில், அணிக்கோவை பிறகு. தமிழ்ச் சொற்களும் அந்த வரிசையில்தான் பிறந்திருக்கின்றன. வரலாறு தலைகீழ். ஜப்பானில் செகி 1683-இலும் ஜெர்மனியில் லைப்னிட்ஸ் 1693-இலும் அணிக்கோவையின் கருத்தைத் தொட்டுவிட்டார்கள். கிராமரின் விதி 1750-இல். சில்வெஸ்டர் அணிக்கு ஒரு பெயர் வைத்ததே 1850-இல்தான்; கெய்லி அணிகளைக் கூட்டவும் பெருக்கவும் ஒழுங்கான இயற்கணிதம் எழுதியது 1858-இல். அணி என்பது நிரை நிரலாக அடுக்கிய அட்டவணை. அணிக்கோவை ஒற்றை எண். அணியை 2-ஆல் பெருக்கினால் ஒவ்வொரு உறுப்பும் இரட்டிக்கும். மூன்று வரிசைச் சதுர அணியின் கோவை 5 என்றால், இரட்டித்த அணியின் கோவை 10 அல்ல, 40. நிரைக்கு ஒரு 2 வீதம் மூன்று முறை வெளியே வருகிறது. எண்களில் பழகிய இன்னொரு பழக்கமும் இங்கே உடையும்: பூச்சியமல்லாத இரு அணிகளைப் பெருக்கிப் பூச்சிய அணி வரலாம். ஆகவே இருபுறமும் ஒரே அணி இருப்பதால் அடித்துவிடுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. அடிக்க வேண்டுமானால் அது பூச்சியமற்ற கோவை அணியாக இருக்க வேண்டும்.

கிராமரின் விதியில் ஒரு தவறு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. முதன்மை அணிக்கோவையும் பூச்சியம், மற்ற மூன்றும் பூச்சியம் என்றால் எண்ணற்ற தீர்வுகள் என்று பல வழிகாட்டி நூல்களில் பார்க்கலாம். இரண்டு மாறிகளுக்கு, எந்தச் சமன்பாட்டிலும் மாறிகளின் கெழுக்கள் மொத்தமாகப் பூச்சியமாகாதவரை, அது சரி. மூன்று மாறிகளுக்குத் தவறு. ய + வ + ல = 1, ய + வ + ல = 2, ய + வ + ல = 3 என்ற மூன்று சமன்பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு அணிக்கோவைகளும் பூச்சியம். ஆனால் ஒரே கூட்டுத்தொகை 1, 2, 3 ஆக இருக்க முடியாது, தீர்வே இல்லை. மூன்று இணைத் தளங்கள் எங்கே சந்திக்கும்? இந்த ஓட்டையை அடைக்கத்தான் 'அணித்தரம்' என்ற சொல் இருக்கிறது: கெழு அணியின் தரமும் விரிவுபடுத்திய அணியின் தரமும் சமமானால் மட்டுமே தொகுப்பு ஒருங்கமைவு உடையது. இந்த எடுத்துக்காட்டில் ஒன்று 1, மற்றது 2.

தொடர்முறை, தொடர் என்ற இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரிசையாக எழுதினால் முன்னது, கூட்டினால் பின்னது. முடிவிலி வரும்போதுதான் பேச்சு. பெருக்குத் தொடரின் கூடுதல் 1/(1 − ய) என்ற சூத்திரத்தில் ய = 2 என்று போட்டால் 1 + 2 + 4 + 8 + … = −1 என்று வரும். அபத்தம், ய-இன் மட்டு ஒன்றுக்குக் குறைவாக இருந்தால்தான் தொடர் குவியும். ஈருறுப்புத் தேற்றத்தை மிகை முழு எண் அல்லாத அடுக்குக்கு விரிக்கும்போதும் அதே கதை. √(1 + ய) = 1 + ய/2 − ய²/8 + ய³/16 − … என்பதில் ய = 8 என்று போட்டு √9-ஐக் கண்டுபிடிக்க முயன்றால் பகுதிக் கூடுதல்கள் 1, 5, −3, 29, −131 என்று வெறிபிடித்து ஓடும். √10-ஐ 3√(1 + 1/9) என்று எழுதிக்கொண்டு முதல் மூன்று உறுப்புகளைப் போட்டாலே 3.1620 வந்துவிடும், அசல் மதிப்பு 3.1623. இந்தத் தேற்றம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைக் கறாராக ஆராய்ந்து 1826-இல் கட்டுரை எழுதியவர் ஏபெல்.

ராமானுஜன் 1913 பிப்ரவரியில் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில், 1 + 2 + 3 + 4 + … என்ற தொடரின் கூடுதல் −1/12 என்று குறிப்பிட்டது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. இன்று அது காணொளிகளில் வித்தை போலக் காட்டப்படுகிறது. அவர் அதைத் தம் கோட்பாட்டின்படி என்று வரையறுத்தே எழுதினார் என்பதை விட்டுவிடுகிறார்கள். 'கூடுதல்' என்ற சொல்லுக்கு அவர் வேறொரு பொருள் வைத்திருந்தார், அதைச் சொல்லவும் செய்தார். பொருளை மாற்றுவது கணிதத்தில் குற்றமல்ல. மாற்றியதைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

கடைசியாக, தமிழில் இந்தச் சொற்களின் நிலை. அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க 1916-இல் சேலத்தில் ராஜாஜி முன்னின்று ஒரு சங்கம் தொடங்கியதிலிருந்து நூறாண்டுக்கும் மேலான உழைப்பு இதில் இருக்கிறது. இலங்கையில் இதே வேலை தனியாக நடந்ததால் அங்கே இயற்கணிதம் அட்சரகணிதம், கணம் தொடை, அணி தாயம், அணிக்கோவை துணிகோவை, கலப்பெண் சிக்கலெண். எது சிறந்த சொல் என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. தாயம் என்றாலும் அணி என்றாலும் பெருக்கல் வரிசை மாறினால் விடை மாறும்; சிக்கலெண் என்றாலும் கலப்பெண் என்றாலும் √−4 × √−9 = −6. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையும் இதே இடங்களில்தான் தடுக்குகிறது. ஆகவே பழியைத் தமிழ்க் கலைச்சொல்லின் மேல் போடுவது சோம்பேறித்தனம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூலின் கடைசிப் பக்கங்களில் உள்ள கலைச்சொல் பட்டியலில் தமிழ்ச் சொல்லுக்கு எதிரே ஆங்கிலச் சொல் இருக்கிறது, நிபந்தனை இல்லை. தன்மைகாட்டிக்கு எதிரே 'மெய்க்கெழுக்களுக்கு மட்டும்', மடக்கைக்கு எதிரே 'மிகை எண்களுக்கு மட்டும்', கிராமரின் விதிக்கு எதிரே 'கோவை பூச்சியமல்லாதபோது மட்டும்' என்று மூன்றாவதாக ஒரு பத்தி சேர்க்கப் பெரிய செலவாகாது. அடுத்த பதிப்பில் பாடநூல் குழு அதைச் செய்யட்டும். அதுவரை, பிள்ளைகள் பென்சிலை எடுத்துத் தாங்களே எழுதிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் இடம் நிறையவே இருக்கிறது.